அண்ணாமலைச் சுற்றில் கூடிப் பாடும் மரபுகள்

திருவெம்பாவையின் இருபது பாட்டிலும் பேசுவது ஒரு கூட்டம். முதல் எட்டுப் பாட்டில், விடியலுக்கு முன்பே எழுந்துவிட்ட பெண்கள் வீடு வீடாகப் போய்த் தோழியரை எழுப்புகிறார்கள். வெளியே நிற்பவர்கள் கேட்கிறார்கள். உள்ளே படுத்திருப்பவள் பதில் சொல்கிறாள். நான்காம் பாட்டில் வரும் பேச்சை இன்றைக்கும் எந்தப் பாட்டுக் குழுவிலும் கேட்கலாம். எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்கிறாள் உள்ளே இருப்பவள். எண்ணிப் பார்த்துச் சொல்கிறோம், அதற்குள் தூங்கிப் பொழுதைப் போக்காதே என்கிறார்கள் தோழியர். கடைசியில், நீயே வந்து எண்ணிக்கொள், ஆள் குறைந்தால் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள் என்று சொல்லிவிடுகிறார்கள்.

மாணிக்கவாசகர் இதைத் திருவண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு நேர் பின்புறமாக, மலையின் மேற்கே இருக்கும் அடி அண்ணாமலையில் அவருக்குத் தனிக் கோயில் அமைந்ததும் அதனால்தான். பதினெட்டாம் பாட்டில் அண்ணாமலையின் பெயரே வருகிறது. திருவாசகத்தில் இதற்கு அடுத்து நிற்கும் திருவம்மானையும் இங்கே அருளியது என்றுதான் பதிப்புகள் குறிக்கின்றன. அதுவும் பெண்கள் கூடி ஆடும் ஆட்டத்துக்கான பாட்டு.

பாட்டைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் கூடிப் பாடும் வழக்கம் இந்த மலையைச் சுற்றிப் பல வகையாக வளர்ந்திருக்கிறது. அந்த வகைகளையும், ஒவ்வொன்றும் எதை நல்ல பாட்டு என்று மதிக்கிறது என்பதையும் இம்மலரில் எழுத விரும்புகிறேன். மார்கழி விடியலில் பாடும் ஒரு சிறு குழுவில் நானும் ஒருவன். எங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் உண்டு, பூக் கட்டி விற்கும் அம்மா உண்டு, ஆட்டோ ஓட்டும் தம்பி உண்டு, வங்கிக்குப் போகிறவர் உண்டு. முறையாக இசை பயின்றவர்கள் மிகச் சிலரே.

எல்லாவற்றுக்கும் தாய் ஓதுவார் மரபு. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 48 பேர் ஒரே குரலாகப் பாட வேண்டுமானால் பண் ஒன்றாக இருக்க வேண்டும், சொல் பிரியும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும், மூச்சு வாங்கும் இடமும் பேசி வைத்ததாக இருக்க வேண்டும். அந்த ஒழுங்கின் மிச்சம்தான் இன்று கோயில்களில் தனி ஆளாக நின்று பாடும் ஓதுவாரிடம் இருக்கிறது.

அண்ணாமலைக்குச் சம்பந்தர் பாடிய பதிகங்கள் இரண்டு. ஒன்று நட்டபாடை, மற்றொன்று தக்கேசி. நட்டபாடையை நாட்டையிலும் தக்கேசியைக் காம்போதியிலும் பாடுவது இன்றைய வழக்கு. அப்பருக்கு இங்கே நேரிசை ஒன்று, குறுந்தொகை இரண்டு. ஓதுவார்கள் பாடும் முறையைச் சுத்தாங்கம், பண்ணாங்கம் என்று இரண்டாகச் சொல்வார்கள். தாளக்கட்டு இல்லாமல் விரித்துப் பாடுவது சுத்தாங்கம். தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். சுத்தாங்கம் குழுவுக்கு ஒத்துவராது என்பது என் உறுதியான எண்ணம். ஒருவர் இழுக்கும் நீளத்துக்கு இன்னொருவர் இழுக்க மாட்டார். கேட்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். ஓதுவார் சுத்தாங்கமாகப் பாடும்போது குழு வாய்மூடிக் கேட்க வேண்டும். அதுவும் பயிற்சியில் சேர்ந்ததே.

திருவாசகத்தை ஓதுவார்கள் பெரும்பாலும் மோகனத்தில் பாடுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. பயிலாத குரல் சுருதி விட்டு நழுவுவது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான். மிச்சமுள்ள ஐந்து சுவரத்தில் சுருதிப் பெட்டியைக் காதில் வாங்கிக்கொண்டு பாடினால், ஒரு மாதப் பயிற்சியில் எந்தக் குரலும் வழிக்கு வந்துவிடுகிறது.

வழிக்கு வராத சிக்கல் ஒன்று உண்டு: கட்டை. ஆண்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுகம். பெண்களுக்கு ஐந்து கட்டையாவது வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுருதியை வைத்தால் இரண்டு பக்கமும் கஷ்டப்படும். ஆண்கள் மேலே போய்க் கத்துவார்கள். பெண்கள் கீழே போய் முணுமுணுப்பார்கள். “சார், நீங்க ஏத்தினா எங்களுக்குக் கேக்கவே மாட்டேங்குது” என்று பூக்கார அம்மா சொல்லாத பயிற்சி நாள் இல்லை. இப்போது நாங்கள் பாட்டைப் பங்கு பிரித்துக்கொள்கிறோம். எழுப்பும் பெண்களின் பாட்டுகளைப் பெண்கள் தங்கள் கட்டையில் பாட, முடிகிற ‘எம்பாவாய்’க்கு மட்டும் ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்கிறார்கள். கடைசியில் வரும் போற்றிப் பாட்டு எல்லாருக்கும் பொது.

அந்த ‘எம்பாவாய்’தான் குழுவின் உரைகல். எட்டடி பாடி முடித்து மூச்சு தீர்ந்த நிலையில் வரும் சொல் அது. பாதிப் பேர் அதை விழுங்கிவிடுவார்கள். மீதிப் பேர் தங்கள் குரல் கேட்கட்டும் என்று நீட்டுவார்கள். ஏழாம் அடியின் நடுவில் ஒரு வரிசையும் எட்டாம் அடியின் தொடக்கத்தில் அடுத்த வரிசையும் மூச்சு வாங்கிக்கொண்டால், கடைசிச் சொல் அறுபடாமல் முழுதாக நிற்கும். எந்த ஊர்க் குழுவைக் கேட்கப் போனாலும் நான் முதலில் காது கொடுப்பது இந்த இடத்துக்குத்தான்.

இன்னொரு அளவுகோல் பதம் பிரிப்பது. மலிவுப் பதிப்புகள் பலவும் சீர் பிரித்தே அச்சிடுகின்றன. அதைப் பார்த்துப் பாடினால் சொல் நடுவில் உடையும், பொருள் கெடும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஓதுவார் முதல் நாள் பாடவே விடவில்லை. பென்சிலைக் கையில் கொடுத்து, ஒவ்வோர் அடியிலும் சொல் முடியும் இடத்தில் கோடு போடச் சொன்னார். அர்த்தம் தெரியாமல் போட்ட கோட்டை அழித்துவிட்டு மறுபடி போட வைத்தார். இரண்டாம் வாரம்தான் சுருதிப் பெட்டி திறந்தது. பண்ணோடு பழக விரும்புகிறவர்களுக்குத் தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்களின் ஒலிப்பதிவுகள் எப்போதும் துணை இருக்கும். சொல் எங்கே பிரிகிறது என்று அவர் குரலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதே ஊரின் அடுத்த பெரும் மரபு திருப்புகழ். அருணகிரிநாதருக்கு முருகன் தூணில் காட்சி தந்ததாகச் சொல்லும் கம்பத்திளையனார் சன்னதி பெரிய கோயிலுக்குள் இருக்கிறது. சுவடிகளில் சிதறிக் கிடந்த பாடல்களை வ.த. சுப்பிரமணிய பிள்ளை தேடித் திரட்டி 1894இலும் 1901இலும் அச்சிட்டார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அவற்றை ஊர் ஊராகப் பாடவைத்தார். அவரைத் திருப்புகழின் பக்கம் திருப்பியவர் திருவண்ணாமலைச் சேஷாத்திரி சுவாமிகள் என்று சொல்வார்கள். ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தின இரவு திருத்தணியில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் படித் திருவிழா வள்ளிமலை சுவாமிகள் தொடங்கியது.

திருப்புகழில் உயிர் சந்தம். அரை மாத்திரை பிசகினால் பாட்டு கவிழ்ந்துவிடும். ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று தட்டு மாறி மாறி வரும் அங்க தாளத்தில் நூறு பேர் ஒன்றாகப் பாடுவது எளிதான காரியம் இல்லை. அதைச் செய்து காட்டியவர் ஏ.எஸ். ராகவன். 1958 முதல் டெல்லியில் கற்றுக்கொடுக்கத் தொடங்கி, 500க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு ராகமும் தாளமும் வகுத்தார். அவர் வழி வந்த திருப்புகழ் அன்பர்கள் எந்த ஊரில் கூடினாலும் ஒரே மெட்டு, ஒரே தட்டு. மும்பைக்காரர் சென்னையில் வந்து உட்கார்ந்தாலும் தயங்காமல் சேர்ந்து பாடலாம். தனி ஆலாபனை, தனி ஆவர்த்தனம் எதற்கும் இடம் கொடுக்காத கட்டுப்பாடு அது. கூட்டுப் பாட்டுக்கு இதைவிட உயர்ந்த முன்மாதிரி தமிழில் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ரமணாசிரமத்தின் தமிழ்ப் பாராயணம் முற்றிலும் வேறு குணம். பகவான் ரமணர் விரூபாட்ச குகையில் இருந்தபோது, பிச்சைக்கு ஊருக்குள் போகும் அடியார்கள் பாடிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டதற்காக எழுதியது அட்சரமணமாலை. 108 கண்ணி. நடந்துகொண்டே பாடுவதற்கான மெட்டு. கிரிவலத்தில் பாடிப் பார்த்தால் அதன் அருமை தெரியும். காலடிக்கு ஏற்றபடி கண்ணி தானாக வந்து விழும். ஆசிரமத்தில் மாலையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக அமர்ந்து மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். பக்க வாத்தியம் இல்லை, குரல் உயர்த்துவது இல்லை, ராக அலங்காரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் எழுத்தே தெரியாதவர்களும் சில மாதத்தில் கூடவே பாடுகிறார்கள் என்றால் அந்த எளிமைதான் காரணம்.

பஜனை மரபைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். போதேந்திரர், திருவிசநல்லூர் ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்த சம்பிரதாயம் சோழ நாட்டில் தழைத்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் வேர் பிடித்தது தெருமுனைப் பஜனை கோயில். மார்கழி முழுக்க ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவுமாகத் தெருவைச் சுற்றி வருவார்கள். முன்னவர் ஒரு அடி பாட, பின்னவர்கள் அதையே வாங்கிப் பாடும் முறை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாட இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஜால்ரா ஓங்கிப் பாட்டு அமுங்கிவிடுவதுதான் இதில் நான் காணும் குறை.

கடல் கடந்தும் திருவெம்பாவை போயிருக்கிறது. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் விழாவின் பெயரிலேயே அது இருக்கிறது. பாங்காக்கின் பெரிய ஊஞ்சலில் ஆடும் சடங்கு 1935இல் நின்றுபோனாலும், ஓதுவது நிற்கவில்லை. இளையராஜா 2005இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு சேர்த்தபோது, பல குரல் அடுக்கிப் பாடும் மேற்கத்திய முறையில் மாணிக்கவாசகர் ஒலித்தார். அதற்கு வெகுகாலம் முன்னரே, எழுபதுகளின் தொடக்கத்தில், எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உண்டாக்கி, வேலைக்குப் போகிறவர்களையும் மாணவர்களையும் பாரதி பாடல்களைப் பல குரலில் பாட வைத்திருந்தார்.

பல குரல் என்றதும் அமெரிக்காவின் பார்பர்ஷாப் பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கறுப்பின மக்கள் முடிதிருத்தும் கடைகளிலும் தெருமுனைகளிலும் கூடிப் பாடியதில் வேர்விட்ட முறை அது. 1938இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் அதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1945இல் பெண்களும் தனியாகத் தொடங்கினார்கள். வாத்தியமே கிடையாது. மெட்டைப் பாடும் குரல் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் இடைவெளியை நிரப்ப ஒன்று என்று நான்கு குரல். பாடுகிறவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வாரம் ஒரு நாள் இரவில் பயிற்சிக்கு வரும் எளிய மக்கள். நான்கு குரலும் துல்லியமாகச் சேர்ந்தால், யாருமே பாடாத ஐந்தாவது ஒலி ஒன்று மேலே கேட்கும். அது கேட்டால்தான் பாட்டு சரி என்பது அவர்கள் கணக்கு.

நம் தம்பூராவிலும் இதுவே நடக்கிறது. மந்தர ஷட்ஜத் தந்தியைச் சரியாகக் கூட்டி மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும். அதைச் சுயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் சொல்வார்கள். பார்பர்ஷாப் பாடகர்கள் நாலு குரலைச் சேர்த்துத் தேடும் சுத்தத்தை நாம் ஒரே சுவரத்தில் பல குரலைச் சேர்த்துத் தேடுகிறோம். ஆண்களும் பெண்களும் ‘எம்பாவாய்’க்கு ஸ்தாயி விட்டுச் சேரும் நேரத்தில், சுருதி சுத்தமாக இருந்தால், கல் மண்டபத்தில் அந்த ஒலி நமக்கும் கேட்கும். எங்களுக்கு எப்போதாவது கேட்டிருக்கிறது. கேட்ட அன்று யாரும் உடனே வீட்டுக்குப் போவதில்லை.

அதைக் கெடுப்பது ஒலிபெருக்கி. மைக்கைப் பிடித்தவர் குரல் மட்டும் ஊரெல்லாம் கேட்கிறது. பக்கத்தில் நிற்பவர் பாடுவது அவருக்கே கேட்பதில்லை. பக்கத்துக் குரல் கேட்காவிட்டால் சுருதி சேராது. பின்வரிசைக்காரர்கள், நாம் பாடி என்ன ஆகப்போகிறது என்று வாயசைத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல குரல் உள்ளவர் நாலு பேர் இருந்தும் குழு தேயும் ஊர்களைப் பார்த்திருக்கிறேன். சுமாரான குரல்கள் மட்டுமே இருந்தும் தழைக்கும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையில் எல்லாரும் எல்லாருக்கும் காது கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் பயிற்சிக்குக் காலம் வாய்ப்பது கடினம். கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்தில் 14 கி.மீ. கிரிவலப் பாதையும் நிரம்பிவிடும். மண்டபத்தில் உட்கார இடம் கிடைக்காது. கூட்டம் கலைவதற்குள் மார்கழி வந்து நிற்கும். 2024இல் டிசம்பர் 13 அன்று தீபம். மார்கழி முதல் நாள் விடியலில் நாங்கள் முதல் பாட்டை எடுத்தபோது மலை உச்சியில் சுடர் எரிந்துகொண்டிருந்தது. ஆகவே ஐப்பசியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

பாவைப் பாட்டுக் குழு உள்ள எல்லா ஊரையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மார்கழியில் ஒரு வாரமாவது ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். உங்கள் பகுதி ஓதுவாரை அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, பதம் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பாட வராது என்று சொல்லி ஒதுங்கி நிற்பவரையும் வீடு தேடிப் போய் அழைத்து வாருங்கள்.