பெருநாளுக்கு வந்த குதிரைகள்

அல் ஹரீரியின் ‘மகாமாத்’தை அகராதியும் கையுமாக ஓதியவர்களுக்கு அது சிரிப்புப் புத்தகமில்ல, கஷ்டமான அறபுப் பாடம். 1122இல் மறைந்த அந்த பஸறாக்காரர், அபூ ஸைத் என்ற நாவன்மை மிக்க எத்தன் ஒருவனை ஊரூராக அனுப்பி 50 கதைகள் சொன்னார். 1237இல் அந்நூலைத் தன் கையாலேயே பிரதிசெய்து படமும் தீட்டினார் யஹ்யா அல் வாஸிதி. அந்த ஏடு பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களைப் பார்த்த பிறகுதான் நூலின் குறும்பு எனக்கு விளங்கியது.

ஏழாவது மகாமாவை எடுங்க. பெருநாள் தன் குதிரைப்படையோடும் காலாட்படையோடும் வந்துவிட்டது என்று ஹரீரி அலங்காரத்துக்குச் சொல்கிறார். உருவகம் என்று ஒரு சொல்லில் உரை எழுதி நாம கடந்துபோயிருப்போம். வாஸிதி விடவில்லை. மெய்யாகவே குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்! மேலே கொடிகள், நீண்ட எக்காளங்கள். கீழே எது யாருடையது என்று பிரித்தறிய முடியாத கால்கள். கதையிலோ அபூ ஸைத் குருடனாக நடித்துத் தொழுகைக் கூட்டத்தில் கையேந்துகிறான். அவனுக்கு இவ்வளவு பெரிய பவனியா? அந்தக்கால ஊர்வலத்துக்குச் சான்று என்று மட்டும் இப்படத்தைப் பார்ப்பது போதாது. மூலத்தோடு சேர்த்து வாசித்தால், சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்ட பகிடி அது.

43ஆவது மகாமா இன்னும் காரம். இந்த ஊரில் குத்பாவுக்கு ஈச்சம்பழம் தருவார்களா, கஸீதாவுக்கு அஸீதாக் களி கிடைக்குமா என்று அபூ ஸைத் விசாரிக்கிறான். ஒன்றுக்கும் கிடைக்காது என்று பதில் வருகிறது. (சஞ்சிகை நடத்துறவங்களுக்கு இது புதுசில்ல.) ஹரீரியின் கேலி, அதபை மதிக்காத அந்த ஊரின் மேல். வாஸிதி கேலியின் திசையைத் திருப்புகிறார். ஒட்டகங்களின் மேலிருந்தபடி இருவரும் பேச்சை வளர்க்க, பின்னால் ஊர் தன்பாட்டில் நடக்கிறது: குளத்தடியில் ஆடுகள், நூல் நூற்கும் பெண், பள்ளிவாசல் மினாரா. கவிதை வாங்காத ஊர் பட்டினி கிடக்கவுமில்ல, வருந்தவுமில்ல. கூரைக்கு மேலே ஒரு சேவலும் பெட்டையும். கீழே நடக்கும் இலக்கிய விசாரணை அதுகளுக்கு எதுக்கு?