டப்ளினின் பன்னிரண்டு குரல்கள்

‘தி கமிட்மென்ட்ஸ்’ 1991இல் வந்த படம். ராடி டாயில் 1987இல் எழுதிய நாவலை ஆலன் பார்க்கர் படமாக இயக்கினார். டப்ளின் நகரின் வடபகுதியில், வேலையில்லாத ஜிம்மி ரேபிட் ஒரு சோல் இசைக்குழுவைத் திரட்டுகிறான். கதை அவ்வளவுதான்.

முதல்முறை பார்ப்பவர் பாட்டில் மயங்குவார். மறுபடி பார்க்கும்போதுதான் ஓரங்கள் கண்ணில் படும். ஜிம்மியின் வீட்டில் போப்பின் படத்துக்கு மேலே எல்விஸ் தொங்குகிறார். அடுக்குமாடி வாசலில் ஒரு சிறுவன் குதிரையோடு லிஃப்டுக்குக் காத்திருக்கிறான். குளியல் தொட்டியில் கிடந்தபடி ஜிம்மி தன்னைத்தானே பேட்டி எடுத்துக்கொள்கிறான். குழு இன்னும் ஒரு மேடைகூட ஏறியிருக்காது!

பாடகன் டெக்கோவைக் கண்டுபிடிப்பதும் ஒரு கல்யாண விருந்தில்தான், போதையில் மேடையேறிப் பாடும்போது. அந்தக் கரகரத்த குரலுக்குச் சொந்தக்காரர் ஆண்ட்ரூ ஸ்ட்ராங். அப்போது வயது 16. எத்தனை முறை கேட்டாலும் நம்ப முடியாத விஷயம் இது.

நடிப்பு அனுபவத்தைவிட இசை தெரிந்தவர்களையே பார்க்கர் தேடினார். அதனால்தான் ஒத்திகைக் காட்சிகளில் தப்பும் தாளமும்கூட உண்மையாக ஒலிக்கின்றன. கிட்டார்க்காரன் அவுட்ஸ்பேனாக வந்த கிளென் ஹான்சர்ட், பிறகு ‘ஒன்ஸ்’ படத்தின் பாடலுக்காக 2008இல் ஆஸ்கர் வாங்கினார்.

முடிவு தெரிந்தும் வலிக்கிறது. சோல் பாடகர் வில்சன் பிக்கெட் வருவார் என்று குழுவே காத்துக் கிடக்கிறது. சண்டையில் எல்லோரும் சிதறிப்போன பிறகு, இருட்டில் ஒரு நீளக் கார் வந்து ஜிம்மியிடம் வழி கேட்கிறது.