கட்டிலில் படுத்தால்தான் காப்பீடு

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டி ஒரு மாதத்து சர்க்கரை மாத்திரை வாங்க முடியாது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கும் அது செல்லாது. அதே சர்க்கரை காலில் புண்ணாகி, அறுவை சிகிச்சைக்கு ஆளைச் சேர்க்கும் நாளில்தான் அட்டைக்கு உயிர் வருகிறது.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் தேவை. தாலியை அடகு வைக்காமல் அதைச் செய்துகொள்ளும் குடும்பங்கள் இந்த அட்டையால்தான் தலைநிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் அந்தச் சிறுநீரகம் பழுதாகப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அவ்வளவு காலமும் காப்பீடு எட்டிப் பார்க்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து விரலில் குத்தி சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். நடக்க முடியாத முதியவருக்கு இது பெரிய வரம். காலையில் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் கட்டடத் தொழிலாளியின் வீடோ, தன்னார்வலர் வரும் நேரத்தில் பூட்டியிருக்கிறது. விரல் நுனி ரத்தம் அன்றைய அளவைத்தான் சொல்லும். விழித்திரையும் பாத நரம்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்லாது.

பாதத்தில் உணர்ச்சி மரத்தவருக்குச் செருப்பைத் துளைத்த ஆணி குத்தினாலும் தெரியாது. சாயங்காலம் செருப்பில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரியவரும். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சில நிமிடச் சோதனை இந்த ஆபத்தை முன்பே காட்டிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. 2020-ல் மாநிலத்தில் நடந்த கணக்கெடுப்பிலோ, நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, நோய் வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு சர்க்கரைப் பரிசோதனைகள் வரை தருகிறது. நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை உண்டு. பாத நரம்பு பாதித்தவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனையும் உண்டு. அங்கும் நோயாளி தன் பங்குக்குக் கொஞ்சம் கட்டத்தான் வேண்டும். ஆனாலும் படுக்கையில் விழும்வரை காப்பீடு காத்திருப்பதில்லை.

புறநோயாளிச் செலவைக் காப்பீட்டில் சேர்த்தால் போலி ரசீதுகள் பெருகும் என்ற அச்சம் நியாயமானது. ரசீதுக்குப் பணம் தராமல், ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கு நிலையான தொகை கொடுத்தால் அதைத் தடுக்க வழியுண்டு. ஆண்டுக்கு ஒரு முறையாவது எச்பிஏ1சி, விழித்திரை, பாதம், சிறுநீர்ப் புரதம் ஆகிய நான்கு சோதனைகளையும் காப்பீட்டுப் பட்டியலில் அரசு சேர்க்க வேண்டும். அதுவரை சர்க்கரை உள்ளவர்கள், புண் வரும்வரை காத்திராமல், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது செருப்பைக் கழற்றி உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.