பச்சைப் பொத்தானை அழுத்துவது பயிற்சியாகுமா?

1961இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டபோது ஃபிட்டருக்கு அரமும் வைஸும், டர்னருக்கு லேத்தின் கைச்சக்கரமும், மோட்டார் மெக்கானிக்குக் காதும் மூக்கும்தான் மூலதனம். இன்று அதே ட்ரேடுகளில் அப்ரண்டிஸாகச் சேருகிறவர் முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு திரைக்கு முன்னால் நிற்கிறார். சி.என்.சி. லேத்தில் கட்டுப்பாட்டுப் பலகை, வாகனப் பணிமனையில் ஸ்கேனர், பம்ப் அறையில் மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவ், ஸ்டோரில் பார்கோடு. ஆகவே, டிஜிட்டல் திறன் தொழிற்பயிற்சிக்குத் தேவையா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. அதை எந்த இடத்தில் வைக்கிறோம், யாரை வைத்துச் சொல்லித்தருகிறோம், எப்படிச் சோதிக்கிறோம் என்பதைத்தான் கேட்க வேண்டும். தொழிலுக்கு உள்ளேயே அதை வைக்க வேண்டும் என்ற கொள்கை சரியானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பாடத்திட்டத்தை மட்டும் திருத்திவிட்டு, தேர்வையும் தொழிற்கூடத்தையும் பழையபடியே விட்டுவைத்தால் அந்தக் கொள்கை ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.

நம் ஐ.டி.ஐ.களில் இப்போதுள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். ஃபிட்டர், டர்னர் போன்ற ட்ரேடுகள் இரண்டாண்டுப் படிப்பு. ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் செய்முறை. வேலைவாய்ப்புத் திறன்கள் என்ற தனிப் பாடத்துக்கு முதல் ஆண்டில் 120 மணி நேரமும் இரண்டாம் ஆண்டில் 60 மணி நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள். பொதுவான டிஜிட்டல் பயிற்சி இந்தப் பாடத்துக்குள்தான் வருகிறது. முன்பு அது கணினியின் அடிப்படை, வேர்ட், எக்செல், இணையம் என்று இருந்தது. இப்போது ஆங்கிலம், நிதி அறிவு, தொழில்முனைவு முதலிய பகுதிகளோடு ‘அத்தியாவசிய டிஜிட்டல் திறன்கள்’ என்ற பகுதியாக இருக்கிறது.

இந்தப் பொதுப் பாடத்தை இளக்காரமாகப் பேசுவது நியாயமல்ல. வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைகள்தான் ஐ.டி.ஐ.க்கு அதிகம் வருகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிப்பது முதல் பி.எஃப். கணக்கைப் பார்ப்பதுவரை எல்லாமே இணையத்தில் நடக்கின்றன. அப்ரண்டிஸ் ஒப்பந்தமே ஒரு இணையதளம் வழியாகத்தான் பதிவாகிறது. உதவித்தொகையில் அரசின் பங்கு நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இவற்றைத் தானே கையாளத் தெரியாதவர் பிரவுசிங் சென்டர்க்காரரிடமும் இடைத்தரகரிடமும் தன் ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒப்படைத்துவிட்டு நிற்பார். ஆகவே இந்தப் பாடம் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் தொழிலில் தேவைப்படும் டிஜிட்டல் திறன் வேறு வகையானது. 25 மி.மீ. விட்டமுள்ள ஒரு தண்டை சி.என்.சி. லேத்தில் கடைகிறார் ஓர் அப்ரண்டிஸ். முதல் ஜாப்பை எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கிறார்: 25.04. கருவியின் முனை தேய்ந்ததால் அளவு கூடியிருக்கிறது. ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து, அந்தக் கருவியின் எண்ணுக்கு நேரே, எக்ஸ் அச்சின் தேய்மானத் திருத்தத்தில் கழித்தல் 0.04 கொடுக்க வேண்டும். அவசரத்தில் கழித்தல் 0.4 என்று கொடுத்துவிட்டால் அடுத்த ஜாப் 24.64 ஆகி, நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போகும். அந்த ஒரு எண்ணைத் திரையில் தட்ட இரண்டு நொடிகூட ஆகாது. ஆனால் அதற்குப் பின்னால் சரியாக அளக்கும் கை, தசமத்தில் தடுமாறாத கணக்கு, கழித்தலா கூட்டலா என்ற தெளிவு, எந்தக் கருவி எந்த முகத்தை வெட்டியது என்ற நினைவு, அடுத்த ஜாப்பையும் அளந்து பார்க்கும் பழக்கம் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் கணினி வகுப்பு எது, பட்டறை வகுப்பு எது என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. டிஜிட்டல் திறனைத் தொழிலுக்குள் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய வாதம் எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனி இந்த முடிவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அங்கே 2018 ஆகஸ்டில் உலோகம், மின்சாரம் சார்ந்த தொழில்களின் பயிற்சி விதிகளைத் திருத்தினார்கள். வேலையின் டிஜிட்டல்மயம், தரவுப் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு ஆகியவை பயிற்சியின் கட்டாயப் பகுதிகளாயின. முப்பரிமாண அச்சு போன்றவை விருப்பத் தகுதிகளாகச் சேர்ந்தன. 2021 ஆகஸ்ட் முதல், புதிதாக எழுதப்படும் எல்லாத் தொழில்களின் தரநிலைகளிலும் ‘டிஜிட்டல் பணியுலகம்’ ஒரு பொதுக்கூறாக இடம்பெறுகிறது. பாதுகாப்பு, சுற்றுச்சூழல், தொழிலாளர் சட்டம் போன்றவற்றோடு இதையும் பயிற்சிக் காலம் முழுவதும் வேலையோடு வேலையாகச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. பேக்கரியில் பழகுகிறவருக்கும் இது பொருந்தும், மெகாட்ரானிக்ஸ் பழகுகிறவருக்கும் பொருந்தும். இந்தத் தரநிலைகளை எழுதும் மேசையில் முதலாளிகளின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அரசும் சேர்ந்து உட்கார்கின்றன. அதனால்தான் இயந்திரத்தை இயக்கும் திறனோடு தொழிலாளியின் தரவு உரிமையும் பாடத்தில் இடம்பெற்றது. நம் பாடத்தில் இணைய மோசடி பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. ஒரு ஷிஃப்டில் எத்தனை ஜாப் முடித்தேன், எத்தனை நிமிடம் இயந்திரம் நின்றது என்று என்னைப் பற்றி இயந்திரம் சேர்த்துவைக்கும் கணக்கை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கும் அதே பாடத்தில் இடம் வேண்டும்.

நம்மிடம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. டர்னர், மெஷினிஸ்ட் பாடத்திட்டங்களில் சி.என்.சி. இருக்கிறது; எலக்ட்ரீஷியன் டிரைவ்களைப் படிக்கிறார். தமிழ்நாடு அரசு 2022இல் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 71 அரசு ஐ.டி.ஐ.களை சுமார் 2,877 கோடி ரூபாயில் நான்காம் தொழிற்புரட்சித் தரத்துக்கு உயர்த்தும் வேலையைத் தொடங்கியது. தொழிலக ரோபோ, உயர்நிலை சி.என்.சி., மின்சார வாகனம் முதலியவற்றுக்குப் புதிய ட்ரேடுகள் வந்தன. ஓர் அரசு, நகர்ப்புறப் பொறியியல் கல்லூரிகளைத் தாண்டி ஐ.டி.ஐ. மாணவருக்கு இவ்வளவு செலவிட முன்வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் புதிய ட்ரேடில் சேராத ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இப்படி உயர்த்தப்பட்ட தொழிற்கூடத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதைக் கொண்டுதான் இந்த முதலீட்டை மதிப்பிட வேண்டும்.

இனிக் குறைகளைப் பேசியாக வேண்டும். முதற்குறை தேர்வில் இருக்கிறது. அகில இந்தியத் தொழிற்தேர்வின் எழுத்துத் தாள் இப்போது கணினி வழியில் நடக்கிறது. சரியான விடையைத் தேர்ந்து சொடுக்குவது டிஜிட்டல் திறனுக்கான சோதனை ஆகாது; அது பழைய கேள்வித்தாளின் புதிய வடிவம், அவ்வளவே. செய்முறைத் தேர்விலும் முடிந்த ஜாப்பின் அளவுக்கே மதிப்பெண் கனம் அதிகம். தண்டு 25.00 இருக்கிறது என்றால், மாணவரே திருத்தம் கொடுத்து வரவழைத்ததா, முன்பே யாரோ சரிசெய்து வைத்த இயந்திரத்தில் சும்மா ஓட்டியதா என்பதை அந்தத் தண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. தேர்வில் கேட்காததை வகுப்பில் நடத்தமாட்டார்கள். இது ஆசிரியரின் சோம்பல் அல்ல; தேர்ச்சி விழுக்காட்டை வைத்து மதிப்பிடப்படும் எந்த நிறுவனத்திலும் இதுதான் நடக்கும்.

இரண்டாவது குறை தொழிற்சாலைக்குள் இருக்கிறது. சி.என்.சி. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சாவித் துவாரம் உண்டு. அதைப் பூட்டிவிட்டால் புரோகிராமில் யாரும் கைவைக்க முடியாது. சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். அதற்கு நியாயமான காரணமும் உண்டு: தவறான ஓர் எண்ணால் கருவி சக்கில் மோதினால் ஸ்பிண்டிலே பழுதாகலாம். ஆனால் விளைவு என்ன? ஜாப்பை மாட்டுவது, கதவை மூடுவது, பச்சைப் பொத்தானை அழுத்துவது, ஜாப்பைக் கழற்றுவது. அப்ரண்டிஸின் மாதங்கள் இப்படியே கழிகின்றன. தாளில் அவர் சி.என்.சி. பழகியவர்; உண்மையில் இயந்திரத்துக்குத் தீனி போட்டவர். சட்டப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசும் ஏற்கிறது. பொதுப்பணம் செலவாகும் இடத்தில், அப்ரண்டிஸ் எந்தெந்த வேலையைத் தன் கையால் செய்தார் என்று கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. பயிற்சியின் முன்னேற்றத்துக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பதிவேட்டில் ‘சி.என்.சி. இயக்கினார்’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டுவிடுவதை ஏற்கக் கூடாது.

மூன்றாவது குறை, திரையை நம்பும் பழக்கம். 2020 ஏப்ரலில் வாகனப் புகை உமிழ்வுக்கான பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின் ஸ்கேனர் இல்லாமல் பணிமனை நடத்துவது கடினமாகிவிட்டது. காரில் ஸ்கேனரை மாட்டினால் P0171 என்று ஒரு குறியீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிபொருளின் அளவுக்கு வேண்டியதைவிடக் காற்று அதிகம் போகிறது என்று அதற்குப் பொருள். அரைகுறையாகப் பழகியவர் உடனே ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிப் புதிது மாட்டுவார். வண்டிக்காரர் பணம் கட்டுவார். மறுவாரம் அதே குறியீடு திரும்ப வரும். நன்றாகப் பழகியவர், உறிஞ்சுகுழாயின் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சென்சாரைத் தொடுவார். குறியீடு எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது. தேடுவது மெக்கானிக்கின் வேலை. டிஜிட்டல் பாடத்துக்கு நேரம் ஒதுக்குவதற்காகக் கைவேலையின் நேரத்தைக் குறைத்தால் இந்தத் தேடும் அறிவுதான் முதலில் போகும். அரம் பிடித்து ஒரு பரப்பைச் சமமாக்கிய கைக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரின் அருமை தெரியும். அந்தக் கைதான் திரையில் வரும் எண்ணைச் சந்தேகிக்கவும் துணியும்.

நான்காவது, சிறு பட்டறைகள். கோவையிலும் அம்பத்தூரிலும் ஜாப் ஒர்க் செய்யும் எத்தனையோ பட்டறைகள் ஒன்றிரண்டு பழைய இயந்திரங்களோடு நடக்கின்றன. பெரிய ஆலையை மனதில் வைத்து எழுதிய தரநிலையை இவை எட்ட முடியாது. எட்ட முடியாத தரநிலை என்ன செய்யும்? ஒன்று, அந்தப் பட்டறை அப்ரண்டிஸைச் சேர்க்காது. அல்லது, கிடைக்காத பயிற்சியைக் கிடைத்ததாக எழுதும். இதற்கு விடை தரநிலையைத் தாழ்த்துவதில் இல்லை. மேம்படுத்தப்பட்ட ஐ.டி.ஐ. கூடங்களை வட்டாரத்தின் பொதுக்கூடமாக்கி, சிறு பட்டறை அப்ரண்டிஸ்கள் வாரத்தில் ஒரு நாள் அங்கே வந்து பழகும்படி செய்யலாம்.

பயிற்றுநரையும் மொழியையும் விட்டுவிடக் கூடாது. வேலைவாய்ப்புத் திறன் நடத்துகிறவர் ஓர் அறையில், ட்ரேடு பயிற்றுநர் இன்னோர் அறையில் என்று இருக்கும்வரை டிஜிட்டல் திறனைத் தொழிலுக்குள் வைப்பது என்பது சொல்லளவில்தான் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் பணியில் சேர்ந்த ட்ரேடு பயிற்றுநரைச் சில நாள் புத்தாக்கப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் போதாது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலையில் அவரைச் சில வாரங்களாவது வேலை செய்ய அனுப்ப வேண்டும். இயந்திரம் காட்டும் எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. ஓர் இயந்திரத்தில் அடிக்கடி வரும் எச்சரிக்கைகள் எண்ணிவிடக்கூடியவையே. அவற்றின் பொருளையும் முதலில் செய்ய வேண்டியதையும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு அருகே ஒட்டிவைக்கப் பெரிய செலவாகாது. ஆங்கிலம் தடுமாறும் ஒரே காரணத்தால் கைத்திறன் மிக்க பிள்ளை திரையிலிருந்து ஒதுங்கி நிற்பது நமக்குத்தான் நட்டம்.

தரநிலையை எழுதும் முறையிலும் ஒரு கவனம் தேவை. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பெயரையோ கட்டுப்பாட்டு வகையையோ தரநிலையில் எழுதினால், பாடத்திட்டம் அச்சாகி வருவதற்குள் அது பழசாகிவிடும்; அந்த நிறுவனத்துக்கு இலவச விளம்பரமும் ஆகிவிடும். பெயரே சொல்லாமல் ‘டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்துவார்’ என்று எழுதினால் அதை எப்படியும் நிறைவேற்றியதாகக் காட்டிவிடலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: ‘முதல் ஜாப்பை அளந்து, வேறுபாட்டைக் கணக்கிட்டு, உரிய கருவிக்குத் திருத்தம் கொடுத்து, அடுத்த ஜாப்பை அளந்து உறுதிசெய்வார்.’ இந்த வரி எந்தக் கம்பெனியின் இயந்திரத்துக்கும் பொருந்தும், பத்தாண்டு கழித்தும் செல்லும். முக்கியமாக, இதைத் தேர்வாகவும் வைக்க முடியும்.

ஆகவே, மாற்றத்தை எங்கே தொடங்குவது என்று கேட்டால் தேர்விலிருந்து என்றே சொல்வேன். வேண்டுமென்றே ஒரு திருத்தத்தைத் தவறாகக் கொடுத்துவைத்த லேத்தை டர்னரிடம் விடுங்கள். குறியீடு ஒன்றும் கோளாறு இன்னொன்றுமாக இருக்கும் வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள். எங்கே தவறு, எப்படிக் கண்டுபிடித்தாய், ஏன் இந்த எண்ணைக் கொடுத்தாய் என்று தேர்வாளர் கேட்கட்டும். பதிலுக்கும் மதிப்பெண் இருக்கட்டும். தேர்வு அப்படி மாறினால் பயிற்றுநர் அதற்கேற்ப நடத்துவார். தேர்ச்சி பெற்ற அப்ரண்டிஸ் வேண்டும் என்று நினைக்கும் நிறுவனமும் சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கையில் தரும். இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கிய அரசுக்கு இந்தத் தேர்வை வடிவமைக்க ஆகும் செலவு பெரிதல்ல. அதைச் செய்யாமல் எத்தனை கோடிக்குத் திரைகள் வாங்கினாலும், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு நாம் வாக்களித்ததைத் தந்தவர்கள் ஆகமாட்டோம்.