எட்டாத விரல்: கண்ட்ரோலரும் ஒற்றை அளவின் அரசியலும்

உடல் பற்றி நாம் நிறையவே பேசியாயிற்று. உடலின் மொழி, உடலின் மீது எழுதப்படும் அதிகாரம், உடலரசியல் என்று சொற்களும் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் உடலின் அளவு பற்றி, செ.மீ.யிலும் கிராமிலும், பேசுவதை மட்டும் ஏனோ தையல்காரரின் வேலை என்று விட்டுவிட்டோம். இந்தக் கட்டுரை அந்தத் தையல்கடைச் சமாச்சாரம்தான். வீடியோ கேம் ஆடும்போது கையில் பிடிக்கிற கண்ட்ரோலரைச் சின்னக் கை உள்ளவர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே விஷயம். 'இதுக்கெல்லாமா பக்கம் ஒதுக்குறது' என்று கேட்கிற தோழர்கள் தாராளமாக அடுத்த கட்டுரைக்குப் போகலாம். (போகிறவர்களில் பலர் பெரிய கை உள்ளவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம்.)

என் கை, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை, 16 செ.மீ. இதை நான் அளந்து பார்த்ததே போன வருஷம்தான். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் மகளோடு உட்கார்ந்து ஆடத் தொடங்கியிருந்தேன். ட்ரிக்கரை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டே கட்டைவிரலால் இன்னொரு பட்டனைத் தட்ட வேண்டிய இடம் ஒன்று வரும். ஆள்காட்டி விரல் எட்டினால் கட்டைவிரல் நழுவும். கட்டைவிரல் எட்டினால் ஆள்காட்டி விரல் ட்ரிக்கரின் விளிம்பைத் தொட்டதோடு நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் செத்தேன். இரவில் கட்டைவிரலின் அடிச்சதை வலித்தது. பன்னிரண்டு வயதுப் பெண், கை மட்டும் என்னைவிட ஒரு விரற்கடை நீளம், இரக்கத்தோடுதான் சொன்னாள்: "விடுங்க சித்தி, உங்களுக்கு இது வரல."

தமிழில் இந்த 'வரல' கவனத்திற்குரிய சொல். எனக்குக் கணக்கு வரல, அவனுக்குப் பாட்டு வரல என்கிறோம். இந்த வாக்கியங்களில் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்பவர்தான் குற்றவாளி. வராமல் போன கணக்குக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. கண்ட்ரோலர் விஷயத்திலும் அதேதான் நடக்கிறது. எட்டாத பட்டனைக் கருவியின் குறை என்று சொல்ல வாக்கியத்தில் இடமே இல்லை. நானும் பல மாதம் அப்படித்தான் நம்பினேன். பயிற்சி போதாது, வயசாயிடுச்சு, பெண்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் சிரமம்தான் — இந்தக் கடைசிக் காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஃபூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலில் 1766ஆம் ஆண்டின் பிரெஞ்சு ராணுவ ஆணை ஒன்று பேசப்படுகிறது. உடலின் இன்ன உறுப்பு துப்பாக்கியின் இன்ன பாகத்தோடு இன்ன வரிசையில் சேர வேண்டும் என்று அந்த ஆணை ஒவ்வொரு அசைவையும் பிரித்து எழுதுகிறது. உடலும் கருவியும் ஒரே எந்திரமாகத் தைக்கப்படுகின்றன. கண்ட்ரோலரும் இப்படிப்பட்ட ஓர் ஆணைதான். இடது கட்டைவிரல் ஸ்டிக்கில், வலது கட்டைவிரல் நான்கு பட்டன்களில், ஆள்காட்டி விரல்கள் ட்ரிக்கரில். (ட்ரிக்கர் என்ற பெயரே துப்பாக்கியிடமிருந்து வாங்கியது.) ஆனால் அங்கே உத்தரவு போட ஒரு அதிகாரி நின்றான். இங்கே யாரும் இல்லை. எட்டாத விரலை அதட்டும் வேலையை ஆடுகிறவரே ஏற்றுக்கொள்கிறார்.

சரி, சின்னதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். 'சின்ன சைஸ் கண்ட்ரோலர் இருக்கா' என்றதும் கடைக்காரர் கேட்டார்: "பாப்பாவுக்கா மேடம்? எத்தனை வயசு?" முப்பத்தேழு என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, பொம்மை நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். அவர் மீது கோபம் இல்லை. அவர் சொன்னது இந்தத் தொழில் முழுவதும் நம்புகிற ஒன்று. சின்னக் கை என்றால் குழந்தையின் கை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸை அமெரிக்காவில் வெளியிட்டபோது அதோடு வந்த கண்ட்ரோலர் அவ்வளவு பெரிது. 'ட்யூக்' என்று பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. அதன் பருமனுக்குக் காரணம் அமெரிக்கக் கையின் அளவு அல்ல. உள்ளே வைக்க வேண்டிய சர்க்யூட் பலகை பெரிதாக இருந்தது. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டினார்கள். பலகைக்கு ஏற்ற கருவி, கருவிக்கு ஏற்ற கை! ஜப்பானுக்கு இதை அனுப்ப முடியாது என்று தெரிந்ததும், அங்கே 2002 பிப்ரவரியில் வெளியானபோது சிறிய கண்ட்ரோலர் ஒன்றைச் சேர்த்து அனுப்பினார்கள். அதன் உட்பெயர் 'அகெபோனோ'. விடியல் என்று பொருள். ஹவாயில் பிறந்து, 1993இல் ஜப்பானுக்கு வெளியே பிறந்த முதல் யோகோசுனாவான, 200 கிலோவுக்கு மேல் எடைகொண்ட சூமோ வீரரின் பெயரும் அதுதான். சின்னக் கண்ட்ரோலருக்கு இந்தப் பெயர்!

'ஜப்பானியக் கை சிறியது' என்ற விளக்கம் இப்படிச் சந்தையின் பூகோளமாயிற்று. பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். அந்த 'ஜப்பானிய' கண்ட்ரோலரை அமெரிக்காவிலும் கேட்டு வாங்கினார்கள். அதே 2002இல் அது 'கண்ட்ரோலர் எஸ்' என்ற பெயரில் அமெரிக்காவிலும் ட்யூக்கின் இடத்தைப் பிடித்தது. அமெரிக்கர்களின் கை ஓர் ஆண்டில் சுருங்கிவிட்டதா என்ன?

எதிர்த்திசையில் இதைவிட முந்திய உதாரணம் சோனி. 1994இல் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரை மேலைநாடுகளுக்கு அனுப்பும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெரிதாக்கினார்கள். 1996இல் அந்தப் பெரிய அளவு ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆக, சின்னக் கை கிழக்கிலும் பெரிய கை மேற்கிலும் வசிக்கின்றன என்ற இனக் கதையாடல் இரண்டு பக்கமும் உடைந்தது. எல்லா ஊரிலும் எல்லா அளவுக் கையும் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் அளவு வாரியாகச் செய்ய வேண்டியதுதானே? செருப்புக்கு ஆறு, ஏழு, எட்டு என்று எண் இருக்கிறதே. இங்கேதான் பண்பாட்டு விமர்சனம் கொஞ்சம் பட்டறைக்குள் போக வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் உடலை வார்க்கிற அச்சு விலை மிகுந்தது. ஓர் அச்சு, லட்சக்கணக்கான பிரதிகள் என்பதில்தான் லாபம் நிற்கிறது. இரண்டாவது அளவு என்றால் இரண்டாவது அச்சு, உள்ளே வேறு பலகை. நிறம் மாற்ற அச்சு மாற வேண்டாம். எனவேதான் ஒரே கண்ட்ரோலர் சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு, 'சிறப்புப் பதிப்பு' என்று எத்தனையோ வேஷத்தில் கிடைக்கிறது. அளவில் மட்டும் ஒன்றுதான். உங்கள் தனித்துவத்தை வெளிப்படுத்துங்கள் என்று விளம்பரம் கூவும்போது அது தோலின் நிறத்தைச் சொல்கிறது, எலும்பின் நீளத்தை அல்ல. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று விட்டுவிட்டால் பெண்களுக்குச் செய்தாயிற்று என்று கணக்கு முடிந்துவிடுகிறது. என் விரல் இளஞ்சிவப்பிலும் எட்டவில்லை.

'சராசரிக்குச் செய்கிறோம்' என்பது இதற்குச் சொல்லப்படுகிற நியாயம். 1950இல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளை அளந்தபோது கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர், 4063 பேரின் அளவுகளில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்கு அருகில் இருப்பவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டார். ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் ஆண்கள், அதுவும் ராணுவம் ஏற்கெனவே பொறுக்கி எடுத்த ஆண்கள். அவர்களுக்குள்ளேயே இந்த நிலை. விமானத்தின் இருக்கையை நகர்த்தக்கூடியதாகச் செய்தார்கள். ஹென்றி ட்ரேஃபஸ் 1960இல் வெளியிட்ட, வடிவமைப்பாளர்கள் கையில் வைத்திருந்த அளவு நூலுக்கு 'ஆண்' என்றும் 'மனிதன்' என்றும் படிக்கத்தக்க ஒரே சொல்தான் தலைப்பில் இருந்தது. உள்ளே பெண் உருவத்தின் அளவுகளும் இருந்தன. அட்டைக்குப் பெண் வந்து சேர்ந்தது 1993 பதிப்பில்.

இனி 'மினி' என்ற வகைக்கு வருகிறேன். ஜப்பானிய நிறுவனமான ஹோரி, பிளேஸ்டேஷன் 4க்காக 2017இல் ஒரு குட்டிக் கண்ட்ரோலரை அறிவித்தது. மூலக் கண்ட்ரோலரைவிட 40 சதவீதம் சிறியது என்றார்கள். ஆனால் அளவோடு வேறு பலவும் குறைந்தன. அதிர்வு இல்லை, ஒலிபெருக்கி இல்லை, ஹெட்ஃபோன் செருக இடமில்லை, அசைவை உணரும் வசதி இல்லை, தொடுபலகை இல்லை, கம்பி இல்லாமல் ஆட முடியாது. விலையும் குறைவு என்பதை மறைக்கவில்லை. குழந்தை போட்டு உடைக்கும் பொருளுக்கு அது சரியான கணக்குதான். ஆனால் வளர்ந்த ஒருத்தி சின்னக் கையோடு வந்தால் அவளுக்குக் கிடைப்பது பாதிக் கருவி. மினி என்ற சொல் அளவைக் குறிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு தகுதியைக் குறிக்கிறது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

வேறு வழி இல்லாமலில்லை. 8பிட்டோ நிறுவனம் 2022இல் கொண்டுவந்த 'லைட் எஸ்இ' கண்ட்ரோலர், அசைவும் வலுவும் குறைந்த கைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. முன்விளிம்பில் இருக்க வேண்டிய பட்டன்களையெல்லாம் மேல்முகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பட்டனை அழுத்த வேண்டிய விசையைக் குறைத்தார்கள். மடியிலோ மேசையிலோ வைத்துக்கொண்டு ஆடலாம். எந்தப் பட்டனும் நீக்கப்படவில்லை, இடம்தான் மாறியது. ஒன்று வெட்டிச் சிறிதாக்குகிறது, மற்றது அடுக்கை மாற்றுகிறது. இரண்டாவது யோசனை ஊனமுற்றோர் தரப்பிலிருந்து வந்தது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். 'உங்களுக்கு வரல' என்ற தீர்ப்பை ஒத்துக்கொள்ள அவர்கள் என்னைவிட முன்பே மறுத்தவர்கள்.

2020இல் எக்ஸ்பாக்ஸ் தன் பிரதான கண்ட்ரோலரையே திருத்தியது. பம்பர்களை வளைத்தார்கள், ட்ரிக்கரைச் சுற்றிய பகுதியைக் குறைத்தார்கள், பிடியைச் செதுக்கினார்கள். சராசரி எட்டு வயதுக் குழந்தையின் கையை ஒத்த கைகளுக்கும் பொருந்தும்படி செய்தோம், பெரிய கைகளுக்கு இதனால் இழப்பில்லை என்று அறிவித்தார்கள். எனக்கு இந்த வாக்கியம் ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் எரிச்சலும் தருகிறது. பெரிய கைக்கு இழப்பில்லாமல் செய்ய முடியும் என்றால், இத்தனை ஆண்டு ஏன் செய்யவில்லை? இன்னொன்று, உலகத்தில் கோடிக்கணக்கான வளர்ந்த பெண்களும் சிறிய கை கொண்ட ஆண்களும் இருக்கும்போது, அவர்கள் வடிவமைப்பு மேசைக்குள் நுழைய எட்டு வயதுக் குழந்தையின் பெயரில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ரிச்சி தெருக் கடைக்காரரின் கேள்விதான், ஆராய்ச்சி மொழியில். பழைய ட்யூக்கோ, 2018இல் மறுபதிப்பாக, ஏக்கப்பொருளாகத் திரும்பி வந்தது. பெரிதாக இருந்தது ஒரு காலத்தில் பிழை, இப்போது நினைவுச்சின்னம்.

பியானோவிலும் இந்தக் கதை உண்டு. யோசஃப் ஹாஃப்மன் என்ற மேதைக்குக் கை சிறிது. ஸ்டைன்வே நிறுவனம் அவருக்காகக் கட்டைகளைக் குறுக்கிப் பியானோ செய்து கொடுத்தது. மற்றவர்களுக்கு விரலை நீட்டச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான எட்டுச் சுர அகலம் சுமார் 16.5 செ.மீ.; சுமார் 14 செ.மீ. அகலத்தில் ஒரு மாற்று அளவு இன்று இருக்கிறது. இருந்தும் பெரும்பாலான இசைக்கூடங்களில் பழைய அளவுதான்.

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதற்காகவே படித்து வந்தவர்களும் இருக்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் அகலத்தை நம்பக் கூடாது. பிளேஸ்டேஷன் 4இன் கண்ட்ரோலர் 162 மி.மீ. அகலம், பிளேஸ்டேஷன் 5இனுடையது 160. ஆனால் தடிமன் 52 மி.மீ. என்பது 66 ஆயிற்று, எடை 210 கிராம் என்பது 280 ஆயிற்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையை இழுப்பது அகலம் அல்ல, பிடியின் பருமன். அதனால் கடையில் கையில் வாங்கிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். உள்ளங்கை பிடியில் முழுசாகப் படியட்டும். அந்த நிலையிலேயே ஆள்காட்டி விரலின் நுனிச்சதை ட்ரிக்கரின் நடுவில் விழ வேண்டும். வலது கட்டைவிரல் ஸ்டிக்கிலிருந்து தூரத்துப் பட்டனுக்குப் போகும்போது உள்ளங்கை தூக்கிக்கொண்டு வந்தால், அது உங்களுக்கானது அல்ல. ஒரு கையைவிட்டு இன்னொன்றை மாற்றிப் பிடிக்காமல் பத்து நிமிஷம் நின்றுகொண்டு பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும்.

கழற்றித் தனித்தனியாகப் பிடிக்கிற நிண்டெண்டோவின் ஜாய்-கான் (2017) ஒவ்வொன்றும் 50 கிராம்தான். என் கைக்கு சுகம். பெரிய கைக்காரர்கள் அதைத் திட்டினார்கள், நியாயமாகவே. 2025இல் வந்த ஸ்விட்ச் 2இல் அது பெரிதாகிவிட்டது.

நான் கடைசியில் வாங்கியது அந்த 2020 வடிவ எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர், லேப்டாப்பில் ஆடுவதற்காக. ட்ரிக்கர் எட்டுகிறது. இரண்டு பேட்டரியோடு எடை குறைவில்லை. மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையைச் சாய்த்துக்கொள்கிறேன். ஸ்டிக்கை உள்ளே அழுத்துகிற வேலை மட்டும் இன்னும் வலிக்கிறது. அதற்கான மென்பொருளில் போய் அந்தக் கட்டளையை வேறு பட்டனுக்கு மாற்றினேன், கூடவே இன்னும் இரண்டை. விடுமுறைக்கு வந்த அக்கா மகள், "ஏன் சித்தி எல்லாத்தையும் இடம் மாத்தி வச்சிருக்கீங்க" என்று சலித்துக்கொண்டு பழையபடி ஆக்கிவிட்டாள். அவள் தூங்கப் போன பிறகு நான் மறுபடி மாற்றி வைத்தேன்.