கோஹன் என்னும் குடும்பப்பெயர்: சொற்பொருளும் வம்ச உரிமையும்

திறவுச்சொற்கள்: கோஹன், கட்ஸ், யூதக் குடும்பப்பெயர், தலைப்பெழுத்துப் பெயர், பெயராய்வு, வம்சம்

முன்னுரை

குடும்பப்பெயர்களைத் தொகுக்கும் அகராதிகள் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று செய்திகளைத் தருவது வழக்கம்: தோற்றம், பொருள், பரவல். ‘கோஹன்’ என்ற யூதப் பெயருக்கும் அவ்வாறே மூன்று விடைகள் கிடைக்கின்றன. பெயர் எபிரேயத்திலிருந்து வந்தது. அதன் பொருள் ஆசாரியன். இஸ்ரேலில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் அதுவே. மூன்றும் சரியானவை. ஆயினும் இவற்றை ஒருங்கே படிப்பவர், கோஹன் என்ற பெயருடையோர் அனைவரும் எருசலேம் ஆலய ஆசாரியரின் வழிவந்தோர் என்றும், அவ்வழியினர் அனைவரும் அப்பெயரையே தாங்குகின்றனர் என்றும் முடிவு செய்ய வாய்ப்புண்டு. இரண்டு முடிவுகளும் பிழையானவை. அகராதி முறையின் குறை எங்கே தொடங்குகிறது என்பதை இப்பெயரைக் கொண்டே காணலாம்.

சொல்லின் பொருளும் பெயரின் பொருளும்

‘கோஹேன்’ என்ற எபிரேயச் சொல்லைத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘ஆசாரியன்’ என்று தருகிறது. தமிழில் இச்சொல் கற்பிப்பவனையும் குறிக்கும். கோஹேன் என்ற தகுதி கற்பிப்பதால் அமைவதன்று. யூத சமயத்தில் கற்றுத் தேர்ந்து பெறும் பதவி ரபியினுடையது. கோஹேன் பிறப்பால் அமைபவன். மோசேயின் அண்ணன் ஆரோனிடமிருந்து தந்தைவழியாக இறங்கிவரும் தகுதி அது.

சொல்லளவில் பார்த்தாலும் ‘கோஹேன்’ யூதருக்கே உரியதன்று. யோசேப்பின் மாமனாராகிய எகிப்திய ஆசாரியனையும், மோசேயின் மாமனாராகிய மீதியான் நாட்டு ஆசாரியனையும் எபிரேய மூலம் இதே சொல்லால் குறிக்கிறது. எனவே சொல்லின் பொருள் ‘ஆசாரியன்’ எனில், குடும்பப்பெயரின் பொருள் ‘ஆரோனின் தந்தைவழி மகன்’ என்பதாகும். முன்னது தொழிற்பெயர், பின்னது வம்ச உரிமைக் கூற்று. அகராதிகள் முன்னதைச் சொல்லி நின்றுவிடுகின்றன.

கி.பி. 70இல் இரண்டாம் ஆலயம் அழிந்தபின் அத்தொழில் இல்லாமற்போயிற்று. உரிமைகளும் தடைகளும் மட்டும் எஞ்சின. தொழுகைக்கூடத்தில் தோரா வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுபவர் கோஹேனே. கைகளை உயர்த்தி விரல்களைப் பிரித்துச் சபையை ஆசீர்வதிப்பதும் அவர் உரிமை. அக்கைகளின் வடிவம் கோஹேன்களின் கல்லறைகளில் செதுக்கப்படும். பாடகர் லெனார்ட் கோஹன் 2009இல் இஸ்ரேலின் ரமாத் கான் அரங்கில் நிகழ்ச்சியின் முடிவில் இந்த ஆசீர்வாதத்தைக் கூறியது பெயரை நினைந்து செய்த அலங்காரமன்று. மரபு அவருக்கு அளித்த உரிமை.

பட்டம் குடும்பப்பெயரான விதம்

இடைக்கால யூதர் பெரும்பாலோர்க்கு நிலைத்த குடும்பப்பெயர் இல்லை. ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்பதே முறை. கோஹேனாயின் இறுதியில் ‘ஹ-கோஹேன்’ என்று சேர்ப்பர். கெய்ரோ கெனிசாவில் கிடைத்த கடிதங்களில் இவ்வழக்கைப் பரவலாகக் காணலாம். குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியவை அரசுகள்: ஹாப்ஸ்பர்க் நாடுகளில் 1787, ரஷ்யாவில் 1804, நெப்போலியனின் ஆட்சியில் 1808. வரியும் படைச்சேர்க்கையும் கருதிய இச்சட்டங்களுக்கு ஆரோனின் வம்சத்தைக் காப்பது நோக்கமாக இருக்கவில்லை. கோஹேன்களில் ஒரு பகுதியினர் தம் பட்டத்தையே பெயராகப் பதிந்தனர். ஏனையோர் ஊர்ப்பெயரையோ தொழிற்பெயரையோ வேறொன்றையோ பெற்றனர். அவர்களின் கோஹேன் தகுதி அதனால் குறையவில்லை. இன்றும் திருமண ஆவணத்திலும் மணவிலக்கு ஆவணத்திலும் சமயப்பெயரோடுதான் ‘ஹ-கோஹேன்’ எழுதப்படுகிறது. குடும்பப்பெயர் அங்கே சான்றன்று.

பட்டத்தைப் பெயராகக் கொண்டோரிடமும் வடிவம் ஒன்றாக நிற்கவில்லை. கோன், கான், கோயன், அரமேய வடிவான கஹானா எனப் பல உண்டு. ரஷ்ய எழுத்தில் ‘ஹ’ ஒலிக்கு உரிய எழுத்து இல்லாமையால் அங்கே ‘கோகன்’, ‘ககன்’ ஆயிற்று. கிரந்த எழுத்தைத் தவிர்த்து எழுதும் தமிழரும் தாம் அறியாமலே இந்த ரஷ்ய வடிவத்தை வந்தடைவர். ‘ககன்’ என்ற வடிவம் கசார் அரசரின் பட்டத்தோடு ஒலியொப்புமை உடையது என்பதைக் கொண்டு, இப்பெயருடையோரைக் கசார் வழியினர் என்று வாதிடுவோரும் உளர். எழுத்துமாற்றத்தின் விளைவை இனவரலாறாகப் படிக்கும் முயற்சியே அது. ‘கப்லான்’ என்ற பெயர் இன்னும் வியப்பானது: கிறித்தவச் சிற்றாலயக் குருவைக் குறிக்கும் சொல், கோஹேனின் மொழிபெயர்ப்பாக யூதக் குடும்பங்களுக்கு அமைந்தது.

கட்ஸ்: பூனையா, ஆசாரியனா?

கோஹேன் பெயர்களுள் மிகுந்த குழப்பத்துக்கு உள்ளானது ‘கட்ஸ்’. ஜெர்மனில் பூனையைக் குறிக்கும் சொல்லோடு இது ஒலிப்பில் ஒன்றுவதால் ‘பூனை’ என்றே பொருள் கூறுவாருண்டு. யூதரல்லாத ஜெர்மானியரிடையே இப்பெயர் அச்சொல்லிலிருந்து வந்திருக்கவும் கூடும். யூதப் பெயருக்கு அவ்விளக்கம் பொருந்தாது. அது ‘கோஹேன் ஸெதெக்’ என்னும் தொடரின் தலைப்பெழுத்துகளால் ஆனது; ‘நீதியின் ஆசாரியன்’ என்பது பொருள். ஆசாரியர் நீதியை அணிவதாகக் கூறும் 132ஆம் சங்கீதமும், பெயரிலேயே நீதியைக் கொண்ட மெல்கிசேதேக்கு ஆசாரியனாகச் சுட்டப்படுவதும் இத்தொடருக்குப் பின்புலமாகின்றன.

இங்கே வழக்கைத் தீர்ப்பது ஒலியன்று, எழுத்தாகும். இத்திஷ் மொழியில் பூனையைக் குறிக்கும் சொல் ‘கோஃப்’ என்ற எழுத்தில் தொடங்கி இடையே ‘ஆலெஃப்’ பெறும். குடும்பப்பெயரோ ‘காஃப்’ எழுத்தில் தொடங்குகிறது. ‘கோஹேன்’ தொடங்குவதும் அதே எழுத்தில்தான். மேலும் பெயரின் இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே கெர்ஷாயிம் என்னும் இரட்டைக்கோடு இடப்படுகிறது. இது சொற்சுருக்கம் என்று அறிவிக்கும் குறி. ரோமன் எழுத்துக்கு மாறியதும் இவ்விரு சான்றுகளும் மறைந்தன. பூனை உள்ளே நுழைந்தது அவ்வழியாகத்தான்.

தலைப்பெழுத்து விளக்கங்கள் அனைத்தையும் நம்பிவிடவும் இயலாது. வட ஆப்பிரிக்க யூதரின் ‘அசுலாய்’ என்ற பெயரை, ஆசாரியரின் மணத்தடையைக் கூறும் லேவியராகமம் 21:7இன் சொற்களிலிருந்து பிரித்துக் காட்டும் மரபு உண்டு. பெர்பர் வேரோடு இணைப்போரும் உளர். இப்பெயர் கெர்ஷாயிம் இன்றியே எழுதப்படுகிறது. ‘கட்ஸ்’ தரும் எழுத்துச் சான்று இதற்கு இல்லாத நிலையில், விளக்கம் பின்னாளில் பொருத்தப்பட்டது எனக் கொள்வதே தகும்.

பெயர் பிரியும் இடங்கள்

பெயரும் வம்சமும் பிரிவது புதிதன்று. எஸ்றா 2:61–63 பகுதி, பாபிலோனிலிருந்து திரும்பியோருள் ஓர் ஆசாரியக் குடும்பத்தைக் குறிப்பிடுகிறது. அதன் முன்னோன் பர்சிலாய் என்பவரின் மகளை மணந்து மனைவிவழிப் பெயரை ஏற்றவன். அக்குடும்பத்தார் வம்ச அட்டவணையில் தம் பதிவைத் தேடிக் காணாததால் ஆசாரியத்திலிருந்து விலக்கப்பட்டனர். பெயர் மாறியது மட்டுமே பதிவு கிடைக்காமைக்குக் காரணம் என்று நூல் சொல்லவில்லை; இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததோடு அமைகிறது.

ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கலீசியாவில் இதே பிரிவு நிருவாக முறையால் பெருகியது. சமயச் சடங்கால் மட்டும் மணந்தோரின் திருமணத்தை அரசு ஏற்கவில்லை. பிள்ளைகள் தாயின் குடும்பப்பெயரில் பதியப்பட்டனர். கோஹேனின் மகன் வேறு பெயர் பெற்றான். கோஹேன் மகள் பிறரை மணந்து பெற்ற மகன், தகுதி இல்லாமலே கோன் ஆனான்.

ஆகவே இஸ்ரேலின் புள்ளிவிவரப் பட்டியலில் கோஹன் முதலிடத்தையும் லேவி இரண்டாமிடத்தையும் பெறுவது பெயர்களின் கணக்கு. ஆரோன் வழியினரின் கணக்காகாது. 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான மரபணு ஆய்வு, தம்மைக் கோஹேன் என்று கூறிக்கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டது. குடும்பவழி அறிவைக் கேட்டதும், குடும்பப்பெயரை மட்டும் நம்பாததும் அவ்வாய்வின் நுட்பம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1953ஆம் ஆண்டுச் சட்டம் இஸ்ரேலில் யூதரின் திருமணத்தை ரபிமன்றங்களின் அதிகாரத்தில் வைத்தது. கோஹேன் ஒருவர் மணவிலக்குப் பெற்ற பெண்ணையோ மதம் மாறி யூதரான பெண்ணையோ மணக்க அம்மன்றங்கள் இசைவதில்லை. குடும்பப்பெயர் கோஹன் எனில் வினா எழுகிறது. தான் கோஹேன் அல்லன் என்பவர் அதற்குச் சான்று காட்ட வேண்டியவராகிறார். கப்லானும் கட்ஸும் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. வெளிநாட்டில் நடந்த திருமணத்தை மக்கள்பதிவேட்டில் பதிய வேண்டும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. அம்மன்றத்தில் 1960 முதல் 1981 வரை நீதிபதியாக இருந்த ஹைம் கோன் தாமே கோஹேன்; அவர் மணந்தது மணவிலக்குப் பெற்ற ஒருவரை. உள்நாட்டில் அது இயலாமையால் திருமணம் நியூயார்க்கில் நடந்தது.