உயிருள்ள உழைப்பும் நடைப்பிணங்களும்: ‘டையிங் லைட் 2’ பற்றிய ஒரு நோக்கு

பரந்துபட்ட மக்கள், சிறப்பாக இளைஞர், தமது ஓய்வு நேரத்தை எக்கலைவடிவத்திற்கு அளிக்கின்றனரோ அதனை ஆராய்வது திறனாய்வாளனின் கடமைகளுள் ஒன்றாகும். நாவலையும் திரைப்படத்தையும் அவை தோன்றிய காலத்தில் வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிய பண்டிதர் பலர். இன்று வீடியோ விளையாட்டு அந்நிலையில் உள்ளது. போலந்தின் டெக்லாண்ட் நிறுவனம் 2022 பெப்ரவரியில் வெளியிட்ட ‘டையிங் லைட் 2: ஸ்டே ஹியூமன்’, 2015 இல் வந்த முதல் விளையாட்டின் தொடர்ச்சியாகும். ஆடுபவர் தாம் விரும்பிய திசையிற் சென்று விரும்பிய பணியை ஏற்கத்தக்க ‘திறந்த உலக’ அமைப்பினை உடையது. இதன் பலமும் பலவீனமும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்விளையாட்டின் மையப் படிமமாகிய ‘சொம்பி’க்கு ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சுக் குடியேற்ற நாடாயிருந்த சென்-டொமிங்கின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்க மக்களின் வாழ்வோடு அது பிணைந்தது. இறந்த பின்னரும் எசமானனுக்காக உழைக்க நேரிடுமோ என்ற அச்சமே அதன் கரு. அத்தோட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804 இல் ஹெயிட்டி என்னும் சுதந்திர நாட்டை நிறுவினர். ஐக்கிய அமெரிக்கா அந்நாட்டை ஆக்கிரமித்திருந்த காலப்பகுதியில் (1915–1934) இப்படிமம் ஹொலிவூட்டிற் புகுந்தது. 1932 இல் வெளிவந்த ‘வைட் சொம்பி’யில் நடைப்பிணங்கள் சீனி ஆலையிலே உழைப்பதைக் காணலாம். ஜோர்ஜ் ரொமேரோ 1968 இல் உழைக்கும் பிணத்தை உண்ணும் பிணமாக மாற்றினார். 1978 இல் அதனைப் பெரும் விற்பனைத் தொகுதி ஒன்றினுள் அலையவிட்டார். உற்பத்தியாளன் மறைந்த இடத்தில் நுகர்வோன் தோன்றினான். ‘டையிங் லைட் 2’ பெற்ற முதுசொம் இதுவே.

முதலிற் பலத்தை நோக்குவோம். கொள்ளைநோயால் அழிந்த உலகில் எஞ்சிய மதில்சூழ் ஐரோப்பிய நகரம் வில்லெடோர். கதாநாயகன் ஏய்டன் குடியிருப்புகளிடையே பயணஞ்செய்து வாழும் ‘யாத்திரிகன்’. காலும் கையுமே அவனது மூலதனம். கூரைக்குக் கூரை தாவுதல், சுவரேறுதல், விளிம்பிற் தொங்கி மூச்சு வாங்குதல் ஆகியன இங்கு வெறும் அலங்காரமல்ல. உடல் களைக்கிறது, களைப்பு கணக்கிடப்படுகிறது. மனித உழைப்பின் எல்லையை இத்துணைத் துல்லியமாக உணர்த்தும் விளையாட்டுகள் குறைவு. இரவு பகல் அமைப்பும் போற்றத்தக்கது. பகலில் இருண்ட கட்டடங்களுள் உறங்கும் பிணங்கள் இரவில் தெருவுக்கு வருகின்றன. ஆகவே கட்டடங்களுள் பொருள் தேடுவோன் இரவிலேயே புறப்படவேண்டும். நகரத்தார் யாவரும் நோய்த்தொற்றைச் சுமப்பவர். புறஊதா ஒளியின்றி நெடுநேரம் இருளில் நிற்பவர் பிணமாவர். உயிருள்ளோருக்கும் பிணங்களுக்கும் இடையிலான எல்லை இவ்வாறு அழிகின்றது. மணிக்கட்டிலே நோய்நிலை காட்டும் கருவி இல்லாத குற்றத்திற்காக ஏய்டனை நகரத்தார் தூக்கிலிட முனையும் தொடக்கக் காட்சி, அடையாளச் சான்று மனிதனிலும் பெரிதாகிவிட்ட சமூகத்தைச் சரியாக இனங்காட்டுகின்றது.

பலவீனம் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. நகரில் அதிகாரத்திற்குப் போட்டியிடும் தரப்பினர் இருவர்: இராணுவ ஒழுங்கை வலியுறுத்தும் ‘அமைதிகாப்போர்’, சந்தையை மையமாகக் கொண்டு வாழும் ‘பிழைத்தோர்’. நீர்க்கோபுரத்தையும் மின் உபநிலையங்களையும் யாரிடம் ஒப்படைப்பது என்பதை ஆடுபவர் தீர்மானிக்கலாம். வாழ்வின் ஆதாரங்கள் யாருடைய உடைமை என்பது அரசியற் பொருளாதாரத்தின் அடிப்படை வினாவாகும். அதனை எழுப்பத் துணிந்த படைப்பு அதற்கு அளிக்கும் விடை யாது? அமைதிகாப்போருக்குக் கொடுத்தால் வெடிக்கும் கார்ப் பொறிகள் கிடைக்கும். பிழைத்தோருக்குக் கொடுத்தால் கயிற்றுவழிகள் கிடைக்கும். தண்ணீர் பெற்ற மக்களின் வாழ்வு எவ்வாறு மாறியது, பெறாதோர் என்னாயினர் என்பன பின்தள்ளப்படுகின்றன. வர்க்க உறவாக எழுந்த வினா பண்டத் தெரிவாகச் சுருங்கிவிடுகின்றது. மேலும், ஒப்படைக்கும் உரிமை வெளியிலிருந்து வந்த ஒரு தனிமனிதனுடையது. குழாயடியில் நிற்கும் மக்களுக்கு அதிற் பங்கில்லை. மூன்றாவது வழி, அதாவது பொது உடைமை, இவ்வுலகின் கற்பனைக்கே எட்டவில்லை.

இப்போக்கு தற்செயலானதன்று. விளையாட்டை முற்றாக முடிக்க 500 மணித்தியாலமேனும் தேவை என நிறுவனம் 2022 ஜனவரியில் விளம்பரப்படுத்திற்று. வார்சோவிலிருந்து மட்றிட்டுக்கு நடந்து செல்லும் காலத்தோடு அதனை ஒப்பிட்டது. கண்டனங்கள் எழவே, பிரதான கதைக்குச் சுமார் 20 மணித்தியாலமே போதுமென விளக்கமளித்தது. அளவே தரமெனக் கொள்ளும் சந்தையின் நியாயம் இது. ஒரே வகைப் பணிகளின் முடிவற்ற மீள்நிகழ்வு, எதிரியின் தலைக்குமேல் தோன்றும் தர எண், சேகரிப்பு, விற்பனை ஆகியவற்றால் ஓய்வு நேரமும் தொழிற்சாலை நேரத்தின் சாயலைப் பெறுகின்றது. மூலதனத்தை உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பாக மார்க்ஸ் 1867 இல் உருவகித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்கும் இடையிலான முரண்பாடு பின்வந்த மாற்றங்களிலும் தொடர்ந்தது. முதல் விளையாட்டின் இரவு தந்த பேரச்சம் இதிற் குன்றியிருந்ததை ஆடுவோர் சுட்டினர். 2023 இன் திருத்தம் கொடிய இரவு வேட்டைப் பிணங்களை மீண்டும் தெருவில் நடமாடவிட்டது. இது ஆக்கபூர்வமானதே. ஆயின் தொழில்துறை அழிந்த உலகென்பதாற் துப்பாக்கியைத் தவிர்த்து, தடியும் குழாயும் வில்லும் கொண்டு கட்டிய தர்க்கம், 2024 இல் துப்பாக்கிகள் சேர்க்கப்பட்டதும் தளர்ந்தது. இடையில், 2023 இல், நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைச் சீனாவின் டென்சென்ட் வாங்கும் செய்தியும் வெளியாயிற்று.

கதையின் முடிவும் இதனோடு ஒத்ததே. நகரின் விதி, தங்கையைத் தேடும் தமையன், குற்றவுணர்வால் வதையும் தந்தை எனச் சில தனிமனிதரிடையே ஆய்வுகூடமொன்றினுள் தீர்க்கப்படுகின்றது. தண்ணீருக்காகக் காத்திருந்தோர் அங்கில்லை.

எனினும் இவ்விளையாட்டை நிராகரித்தல் முறையன்று. யாருக்குத் தண்ணீர், யாருக்கு ஒளி என்ற வினாவை ஆடுபவர் கையில் ஒரு கணமாவது அது வைத்தது. அக்கணத்தின் கனத்தை உணர்ந்த இளைஞர் அவ்வினாவை விளையாட்டிற்கு வெளியேயும் கேட்கக்கூடும். அவ்வுணர்வைப் புலனாக்குவது முற்போக்குத் திறனாய்வின் பணி. தோட்டத்து அடிமையின் அச்சத்திற் பிறந்த படிமத்திற்கு அவ்வுழைப்பாளியின் முகத்தை மீட்டளிப்பது, இனிவரும் படைப்பாளிகளின் பணி.